வீட்டுப் பத்திரத்தில் தொடங்குங்கள்: வெள்ளையர்கள் கூடி உட்கார்ந்து இனவெறியைப் படிக்க ஒரு வழிகாட்டி

என் மாமியார் வெள்ளையர். மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் நகரின் தென்பகுதியில் கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறார். 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றாரே, அந்த 38-வது தெரு முனை அவர் வீட்டிலிருந்து நடந்தே போய்விடும் தூரம். அந்த வாரம் முழுக்கப் புகை வாடை ஜன்னலைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்டார்: "இத்தனை வருஷம் இங்கேயே இருந்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே. யாரிடம் போய்க் கேட்பது?"

சர்ச்சில் அவருக்குப் பழக்கமான கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று மாமியாருக்கு எண்ணம். நான் வேண்டாம் என்றேன். துக்க வீட்டுக்குப் போய், நீங்கள் ஏன் அழுகிறீர்கள் என்று கொஞ்சம் விளக்குங்கள் என்று கேட்பது போலாகிவிடும். அவருக்கும் அது உடனே புரிந்தது. அதற்குப் பதிலாகத் தன்னைப் போன்ற எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். இதுவரை மூன்று சுற்று முடிந்திருக்கிறது. முதல் இரண்டு சுற்றுக்கும் பத்திரம் தேடுவது, பிரதி எடுப்பது, குறிப்பு எழுதுவது எல்லாம் நான்தான் செய்தேன். அங்கே கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு வெள்ளைக்கார மருமகனோ மருமகளோ, அலுவலக நண்பரோ, பக்கத்து வீட்டுக்காரரோ இருப்பார்கள். அவர்களில் யாராவது நல்ல மனதோடு "எங்கே தொடங்குவது?" என்று கேட்டால் சொல்லிக்கொடுக்க இது உதவும். நான் சொல்லும் இடங்களும் ஆண்டுகளும் மினசோட்டாவுடையவை. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊருடையதைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். தேடுவதும் படிப்பில் ஒரு பாதிதான்.

வெள்ளையர்கள் மட்டும் ஏன்?

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இது. இனவெறியை எதிர்க்கிறோம் என்று சொல்லிவிட்டு ஒரே நிறத்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் தப்பாகத் தெரியாதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்த யோசனை வெள்ளையர்களிடமிருந்து வந்ததல்ல. 1960-களில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரின் சம உரிமைக்காகப் போராட்டம் நடத்திய மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவில் கறுப்பின இளைஞர்களோடு வெள்ளை இளைஞர்களும் வேலை செய்தார்கள். 1966-இல் ஸ்டோக்லி கார்மைக்கேல் அந்தக் குழுவின் தலைவரானார். நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்து எங்களைத் திரட்டியது போதும், இனவெறி எங்கே உற்பத்தியாகிறதோ அந்த உங்கள் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் போய் அங்கே வேலை செய்யுங்கள் என்று அந்தக் காலகட்டத்தில்தான் வெள்ளைத் தோழர்களுக்குச் சொல்லப்பட்டது. இன்று பல ஊர்களில் கிளைகளோடு இயங்கும் 'ஷோயிங் அப் ஃபார் ரேஷியல் ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு 2009-இல் தொடங்கியது. அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

நடைமுறைக் காரணம் இன்னும் எளிது. ஒன்பது வெள்ளையர்களும் ஒரு கறுப்பரும் உட்கார்ந்த அறையில் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் அந்த ஒருவரின் முகத்தைப் பார்ப்பார்கள். சரியாகச் சொன்னேனா என்று கேட்பார்கள், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்பார்கள். அவர் ஆசிரியராகவும் இருக்க வேண்டும், நீதிபதியாகவும் இருக்க வேண்டும், கடைசியில் ஆறுதலும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து களைத்து வந்த ஒரு மனுஷிக்கு இது எவ்வளவு பெரிய பாரம்! வெள்ளையர்கள் தங்கள் அரிச்சுவடியைத் தாங்களே படித்துவிட்டு வந்தால் அந்தப் பாரம் குறையும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இந்தக் கூட்டம் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். இதையே வாழ்நாள் முழுக்க நடத்திக்கொண்டு, எல்லா நிறத்தவரும் கூடும் இடங்களுக்குப் போகாமல் இருந்தால் அது வெறும் கிளப்.

ஆள் சேர்ப்பது

ஆறு பேருக்குக் குறையாமல், பத்துப் பேருக்கு மேற்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். பொது அறிவிப்பு ஒட்டாதீர்கள். ஒட்டினால் ஏற்கெனவே எல்லாம் தெரிந்ததாக நினைப்பவர்களும் சண்டைக்கென்றே வருபவர்களும்தான் முதலில் வருவார்கள். ஏற்கெனவே பழக்கமுள்ள இடத்திலிருந்து கூப்பிடுங்கள். ஒரே தெரு, ஒரே சர்ச், பிள்ளைகள் படிக்கும் ஒரே பள்ளி என்று எதுவாகவும் இருக்கலாம். பழகியவர்கள் பாதியில் கோபித்துக்கொண்டு போனாலும் திரும்ப வருவார்கள். என் மாமியாரின் குழுவில் ஒருவர் மூன்றாம் கூட்டத்தில் எழுந்து போனவர், ஐந்தாம் கூட்டத்துக்கு வாழைப்பழ ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புதியவராக இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார்.

கூப்பிடும்போதே கணக்கைச் சொல்லிவிடுங்கள்: எட்டுக் கூட்டம், இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். சாப்பாடு இருக்கட்டும், ஆனால் முதல் கால்மணி நேரத்தில் முடியட்டும். வீடுகளில் மாற்றி மாற்றி வைப்பதைவிட நூலகத்து அறையோ சர்ச்சின் கீழ்த்தளமோ நல்லது. வீடென்றால் விருந்தாளி மரியாதை குறுக்கே வரும், கடினமான கேள்வியைக் கேட்கத் தயங்குவார்கள்.

இரண்டு பேர் சேர்ந்து நடத்தட்டும். ஒருவர் பேச்சைப் பார்த்துக்கொண்டால் இன்னொருவர் முகங்களைப் பார்த்துக்கொள்ளலாம். கூட்டத்துக்குக் கூட்டம் ஒருவராவது மாற வேண்டும். ஒரே ஆள் தொடர்ந்து நடத்தினால் மற்றவர்கள் மாணவர்களாகிவிடுவார்கள்.

விதிகளை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். நிறைய வேண்டாம். எங்கள் குழுவில் இவ்வளவுதான் இருந்தது: "அந்த மாதிரி ஆட்கள்" என்று யாரையும் கைகாட்டாமல் "நான்" என்று தொடங்கிப் பேச வேண்டும். இன்னொருவர் சொன்ன சொந்தக் கதையை வெளியே சொல்லக் கூடாது, ஆனால் படித்த செய்தியை ஊரெல்லாம் சொல்லலாம். ஒருவர் பேசி முடித்து மூச்சு விட்ட பிறகுதான் அடுத்தவர் தொடங்க வேண்டும். படித்துவிட்டு வராதவர் அன்றைக்குக் கேட்க மட்டும் செய்யலாம்.

அப்புறம் பணம். தொடக்கத்திலேயே ஆளுக்கு ஒரு தொகையைப் போட்டு வையுங்கள். உங்கள் ஊரில் கறுப்பினத்தவர் நடத்தும் அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இப்படி ஒரு குழு படிக்கிறது என்று தெரியப்படுத்துங்கள். நாங்கள் செய்வது சரிதானா என்று அவர்களிடம் நற்சான்றிதழ் கேட்காதீர்கள். வழி நடத்துவதற்கோ வந்து பேசுவதற்கோ யாரையாவது கூப்பிட்டால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு. கேட்காமலே கொடுங்கள்.

முதல் மாலை

புத்தகம் எதையும் திறக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: "நான் வெள்ளையர் என்பது எனக்கு எப்போது முதலில் தெரிந்தது?" ஆளுக்கு ஐந்து நிமிடம். யாரும் குறுக்கே பேசக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது.

இந்தக் கேள்வியில் பெரும்பாலானவர்கள் தடுமாறிப்போகிறார்கள். ஒரு கறுப்பினக் குழந்தையிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்லும். வெள்ளையர்களில் பலர் யோசித்து யோசித்து, கல்லூரியில்தான் என்றோ, அப்படி ஒரு நாளே இல்லை என்றோ சொல்வார்கள். அந்த வித்தியாசத்தை அவர்களே கவனிக்கட்டும், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். கல்லூரி வரைக்கும் தன் நிறத்தைப் பற்றி நினைக்கவே தேவையில்லாமல் ஒருவர் வாழ முடிந்தது என்பதுதான் எட்டுக் கூட்டப் படிப்பின் தலைப்பு.

இரண்டாவது, மூன்றாவது கூட்டம்: காலுக்குக் கீழே இருக்கும் நிலம்

பெரும்பாலான குழுக்கள் மனதில் தொடங்குகின்றன. என் மனதில் என்ன பாரபட்சம் இருக்கிறது, அதை எப்படிக் களைவது என்று. கடைசி வரை மனதிலேயே நின்றும்விடுகின்றன. எட்டுக் கூட்டமும் பாவமன்னிப்புப் போல ஒப்புக்கொண்டுவிட்டு லேசான நெஞ்சோடு வீட்டுக்குப் போகிறார்கள், ஊர் அப்படியே இருக்கிறது. அதனால்தான் பத்திரத்தில் தொடங்கச் சொல்கிறேன். பத்திரத்தில் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும், தெரு இருக்கும். அதோடு யாரும் வாதாட முடியாது.

வீடு வாங்கும்முன் நம் ஊரில் வில்லங்கம் பார்ப்போம் அல்லவா? அதே வேலைதான். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மனையின் பழைய பத்திரங்களைத் தேட வேண்டும். மினியாபொலிஸ்காரர்களுக்கு இது சுலபம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016-இல் தொடங்கிய 'மேப்பிங் பிரெஜுடிஸ்' திட்டம் இலட்சக்கணக்கான பழைய பத்திரங்களைக் கணினியில் ஏற்றி, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்து வரி வரியாகப் படித்து, எந்தெந்த மனையில் இனத்தடை ஷரத்து, அதாவது இன்ன இனத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை, இருக்கிறது என்று வரைபடம் போட்டிருக்கிறது. நகர எல்லைக்குள் மட்டும் சுமார் 8,000 மனைகள். வரைபடம் இல்லாத ஊர்களில் கவுண்டி பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் மனை எண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும். 1910-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட கிரயப் பத்திரங்களைக் கேளுங்கள்.

மினியாபொலிஸில் இதுவரை கண்டுபிடித்தவற்றில் முதல் ஷரத்து 1910-இல் எழுதியது. இந்த மனையைச் சீனர், ஜப்பானியர், மூர், துருக்கியர், நீக்ரோ, மங்கோலியர், ஆப்பிரிக்க இரத்தம் உள்ளவர்கள் யாருக்கும் எந்தக் காலத்திலும் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்கிறது. வேறு பத்திரங்களில் இந்தப் பட்டியல் கூடும், குறையும். கறுப்பர் மட்டும் எதிலும் விடுபடுவதில்லை. வேலி இவ்வளவு உயரம், கோழி வளர்க்கக் கூடாது என்ற வரிகளுக்கு நடுவில் இதுவும் ஒரு வரியாக இருக்கும்.

என் மாமியார் வீட்டுப் பத்திரத்திலும் இருந்தது. நான் பிரதியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, விரலை வைத்து வாசித்தார். "ஆசிய" என்று வந்த இடத்தில் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் பேரக் குழந்தைகள் அந்த நேரம் பின்கட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பத்திரத்தை வாசித்த பிறகு சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பாருங்கள். 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்த ஷரத்துகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்றது. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. மினசோட்டா 1953-இல் புதிய ஷரத்துகளைத் தடை செய்தது. 1968-இல் வந்த வீட்டுவசதிச் சட்டம்தான் நாடு முழுவதும் நிற அடிப்படையில் வீடு மறுப்பதைச் சட்டவிரோதமாக்கியது. குழுவில் யார் யார் 1968-க்கு முன்னால் பிறந்தவர்கள் என்று கை தூக்கச் சொல்லுங்கள். பழங்காலம் என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

அடுத்தது, நடந்துபோய்ப் பார்க்க வேண்டிய ஓர் இடம். மினியாபொலிஸில் கொலம்பஸ் அவென்யூ, கதவு எண் 4600. 1931-இல் ஆர்தர் லீ, எடித் லீ தம்பதி தங்கள் சின்ன மகளோடு அந்த வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். ஆர்தர் லீ தபால் இலாகா ஊழியர். முதல் உலகப் போரில் நாட்டுக்காகப் பிரான்ஸில் போய்ச் சண்டை போட்டவர். கறுப்பர் குடிவந்துவிட்டார் என்று இரவுக்கு இரவு கும்பல் கூடியது, ஒரு கட்டத்தில் ஆயிரக்கணக்கில். கல்லெறிந்தார்கள், மிரட்டினார்கள். மினசோட்டாவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞரான லீனா ஆலிவ் ஸ்மித் அவர்களுக்காக நின்றார். குடும்பம் பயந்து ஓடவில்லை. கொஞ்ச காலம் அங்கேயே வாழ்ந்துகாட்டிவிட்டுத்தான் வேறு பகுதிக்குப் போனது. 2014-இல் அந்த வீடு தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

அந்த வாசலில் நின்று, இங்கிருந்து ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். சுமார் ஒரு மைல். பிறகு அந்த ஒரு மைலையும் பேசாமல் நடந்து போங்கள். எங்கள் குழுவில் எட்டுக் கூட்டத்தில் எதை மறக்க முடியாது என்று கேட்டபோது பாதிப் பேர் இந்த நடையைத்தான் சொன்னார்கள்.

நான்காவது கூட்டம்: தாத்தாவின் வீட்டுக் கணக்கு

ஆளுக்கொரு தாளில் எழுதட்டும்: தாத்தாவோ அப்பாவோ முதல் வீடு வாங்கிய ஆண்டு, விலை, முன்பணம் எங்கிருந்து வந்தது, கடன் யார் கொடுத்தது, பின்னால் என்ன விலைக்குப் போனது, அந்தப் பணத்தில் யார் படித்தார்கள், யார் வீடு கட்டினார்கள். இதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

தாள் நிரம்பிய பிறகு அரசாங்கத்தின் கணக்கை வைக்கலாம். 1930-களில் வீட்டுக் கடனுக்கான கூட்டரசு நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ண வரைபடம் போட்டது. பச்சை என்றால் முதல் தரம், பிறகு நீலம், மஞ்சள். கறுப்பர் வாழும் பகுதிகள் சிவப்பு, அதாவது ஆபத்து. 1934-இல் தொடங்கிய கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம், கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும்போது இனத்தடை ஷரத்து இருந்தால் நல்லது என்றே தன் கையேட்டில் எழுதி வைத்தது. அந்த வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் ஊரை எடுத்துத் தாத்தாவின் வீட்டை அதில் தேடுங்கள்.

போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு 1944-இல் வந்த சட்டம் மலிவு வீட்டுக் கடனும் கல்லூரிப் படிப்பும் கொடுத்தது. சட்டத்தின் எழுத்தில் நிறம் இல்லை, ஆனால் கடனைக் கொடுத்தது உள்ளூர் வங்கி. 1947-இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் இந்தத் திட்டத்தின் கீழ் 3,200-க்கும் மேற்பட்ட கடன்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் கறுப்பினச் சிப்பாய்களுக்குப் போனவை 2.

அந்தக் கதவு யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்பதன் வட்டி இன்றைக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்புப்படி நடுத்தர வெள்ளைக் குடும்பத்தின் நிகர சொத்து சுமார் 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துடையது சுமார் 45,000 டாலர். இந்த எண்ணை முதலிலேயே சொன்னால் கொட்டாவி விடுவார்கள். தாத்தாவின் தாளைக் கையில் வைத்திருக்கும்போது சொன்னால் அறை அமைதியாகிவிடும்.

ஐந்தாவது, ஆறாவது கூட்டம்

ஐந்தாவதற்கு ஒரு சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நகரமான செயின்ட் பாலில் ராண்டோ என்று ஒரு பகுதி இருந்தது. கறுப்பினத்தவரின் கடைகள், சர்ச்சுகள், செய்தித்தாள், கிளப் எல்லாம் இருந்த இடம். 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் 94-ஆம் நெடுஞ்சாலையை அதன் நடுமார்பில் வெட்டிக்கொண்டு போனார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தன. 2015-இல் நகர மேயரும் மாநிலப் போக்குவரத்துத் துறையும் மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் குழுவில் எல்லாருமே அந்தச் சாலையில் வேலைக்குப் போய் வந்தவர்கள். அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்களில் இப்படி ஒரு சாலை இருக்கிறது, உங்களுடையதைக் கண்டுபிடியுங்கள்.

ஆறாவது, பத்திரத்தின் முதல் பக்கத்துக்கும் முந்தைய கதை. மினசோட்டா, டகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் மண். 1862 மே மாதம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், வந்து குடியேறி உழுபவர்களுக்கு 160 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தது. அதே ஆண்டு பட்டினியும் ஒப்பந்தத் துரோகமும் தாங்காமல் டகோட்டா மக்கள் எழுந்தார்கள். போர் முடிந்து டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ ஊரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் இதைவிடப் பெரிய கூட்டுத் தூக்கு நடந்ததில்லை. இரண்டு செய்திகளையும் ஒரே மாலையில், ஒரே தாளில் வைத்துப் படியுங்கள்.

மனம் புண்படும் நேரங்கள்

இவை கட்டாயம் வரும். தயாராக இருந்தால் கூட்டம் உடையாது.

"எங்கள் தாத்தாவும் பரம ஏழைதான்." மினசோட்டாவில் இதைக் கேட்காத குழுவே இருக்க முடியாது. நார்வேயிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் கையில் காசில்லாமல் வந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். அது பொய்யில்லை, பனியிலும் கடனிலும் செத்துப் பிழைத்தவர்கள்தான். இதை மறுத்துப் பேசாதீர்கள். உழைப்பு இருந்தது, அந்த உழைப்பை விதைக்க நிலமும் கிடைத்தது, அது யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள். ஆறாவது கூட்டத்தின் தாள் அப்போது கைகொடுக்கும்.

"எனக்கு நிறமே கண்ணில் படாது." சொல்பவர் பெரும்பாலும் நல்லவர், அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். பத்திரத்தை எழுதியவர் கண்ணில் பட்டதே, கடன் கொடுத்தவர் கண்ணில் பட்டதே, அதை நாம் பார்க்காமல் எப்படிச் சரிசெய்வது என்று நிதானமாகக் கேளுங்கள்.

அழுகை. யாராவது அழுவார்கள், அழட்டும். காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வையுங்கள், பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொடலாம். ஆனால் கூட்டம் முழுவதும் எழுந்து அவரைச் சுற்றிக்கொள்ள விடாதீர்கள். ஆர்தர் லீயின் வீட்டைப் பற்றித் தொடங்கிய பேச்சு, அதைக் கேட்டு வருந்தியவரைத் தேற்றுவதில் போய் முடியக் கூடாது. "கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொள்ளுங்கள், நாங்கள் மேலே வாசிக்கிறோம்" என்று நடத்துபவர் சொன்னால் போதும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஐந்தாறு வாரம் படித்தவர், நேற்று வந்தவரின் வாய்த்தவறைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் குதறுவார். யார் அதிகம் திருந்தியவர் என்று போட்டி வந்துவிடும். எங்கள் முதல் சுற்றில் ஒருவர் பழைய சொல் ஒன்றைச் சொன்னதற்கு இன்னொருவர் கத்திவிட்டார். சொன்னவர் அதன்பின் வாயே திறக்கவில்லை. அந்தச் சொல் ஏன் தப்பு என்று அவருக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. இப்போது வேறு வழி வைத்திருக்கிறார்கள். தப்பான சொல் வந்தால் நடத்துபவர் உடனே, எல்லாரும் கேட்க, ஒரே வாக்கியத்தில் திருத்துவார். விளக்கம் கூட்டம் முடிந்த பிறகு தனியாக, காபியோடு. கண்டுகொள்ளாமல் விடுவதும் இல்லை, தெருவில் நிறுத்துவதும் இல்லை.

கடைசி இரண்டு கூட்டம்: கையைப் போட்டு வேலை

இங்கே 1954-இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஆண்ட்ரூ வேட், சார்லட் வேட் என்ற கறுப்பினத் தம்பதிக்கு வெள்ளையர் புறநகரில் யாரும் வீடு விற்கவில்லை. ஆன் பிரேடன், கார்ல் பிரேடன் என்ற வெள்ளைத் தம்பதி தங்கள் பெயரில் ஒரு வீட்டை வாங்கி அவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் அந்த வீட்டுக்குக் குண்டு வைத்தார்கள். அரசாங்கம் குற்றவாளிகளை விட்டுவிட்டு கார்ல் பிரேடன் மீது தேசத்துரோக வழக்குப் போட்டு 15 ஆண்டு தண்டனை வாங்கிக் கொடுத்தது. சில மாதம் சிறையில் இருந்த பிறகுதான் தீர்ப்பு ரத்தானது. ஆன் பிரேடன் 2006-இல் சாகும்வரை இந்த வேலையை விடவில்லை. எல்லாரும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. செய்தவர்கள் இருந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

முதல் வேலை பத்திரத்திலேயே இருக்கிறது. 2019 முதல் மினசோட்டாவில் வீட்டுச் சொந்தக்காரர்கள் இனத்தடை ஷரத்தை விலக்குவதாக ஒரு படிவத்தைப் பதிவு செய்யலாம். பழைய வரி அழியாது, அதன்மேல் இந்த விலக்கம் பதிவாகும். அதுதான் சரி, அழித்துவிட்டால் நடந்ததே இல்லை என்றாகிவிடும். 'ஜஸ்ட் டீட்ஸ்' என்ற கூட்டமைப்பின் வழக்கறிஞர்கள் இதை இலவசமாகச் செய்து தருகிறார்கள். குழுவில் எல்லாரும் ஒரே வாரத்தில் செய்யுங்கள், பிறகு தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுங்கள். அந்த உரையாடல்தான் படிவத்தைவிடப் பெரிய வேலை.

படிவத்தால் யாருக்கும் வீடு கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதனால் இரண்டாவது வேலை பணமும் சட்டமும். இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகராட்சி, வீட்டுவசதிப் பாகுபாட்டால் பாதிக்கப்பட்ட கறுப்பினக் குடிமக்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் 25,000 டாலர் கொடுக்கும் திட்டத்துக்கு 2021-இல் ஒப்புதல் கொடுத்தது. உங்கள் நகராட்சியில் என்ன விவாதம் நடக்கிறது, மலிவு வாடகை வீடு கட்ட எந்தத் தெரு எதிர்ப்புக் காட்டுகிறது என்று பாருங்கள். அந்தத் தெரு உங்களுடையதாக இருந்தால் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து, நான் இங்கே குடியிருப்பவன், எனக்கு எதிர்ப்பு இல்லை என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடப் பேச்சு. வெள்ளையர் சொன்னால்தான் கேட்கும் காதுகள் இன்னும் நிறைய இருக்கின்றன, அந்த அநியாயத்தை இதற்காவது பயன்படுத்தலாம்.

நாம் எங்கே உட்கார்வது?

வெள்ளையர்களின் கூட்டத்தில் நம்மவர்களுக்கு வேலை குறைவுதான். அறைக்கு வெளியே பத்திரம் தேடலாம், பிரதி எடுக்கலாம். உள்ளே போய்த் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்காராதீர்கள். அதற்கு நமக்குத் தகுதி இருப்பதாக நான் நினைக்கவில்லை. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திந்த் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? தான் உயர்சாதி, ஆரிய இரத்தம், அதனால் வெள்ளையர் என்று. இந்த நாட்டில் வந்து குடியேறும் கதவை நமக்கு அகலத் திறந்துவிட்டது 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், அந்தச் சட்டம் கறுப்பின மக்களின் போராட்டம் உண்டாக்கிய காற்றில் வந்தது. நாம் வாங்கியிருக்கும் புறநகர் வீடுகளின் பத்திரங்களிலும் அந்த வரி இருக்கக்கூடும்.

பத்திரத்தில் எழுதாமலே ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைத்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி இன்னும் நிற்கவில்லை. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்ய வேண்டி வந்தது, நம்மோடு சாதியும் விமானம் ஏறி வந்ததால்தான். என் மாமியாரின் மூன்றாம் சுற்று முடிந்த மாதம், இங்கே எனக்குத் தெரிந்த ஆறு தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டேன். எல்லாரும் என்னைப் போலவே ஊர்த்தெருவில் பிறந்தவர்கள். முதல் மாலைக்கு அதே கேள்வியைத்தான் மாற்றிக் கேட்டேன்: "என் சாதி எனக்கு எப்போது முதலில் தெரிந்தது?" ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தேன். முதலில் பேசியவர் இருபது நிமிடம் பேசினார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது கூட்டத்துக்குத் தாத்தாவின் நிலப் பட்டாவைத் தேடி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் ஊருக்குப் போன் போட்டிருக்கிறார்கள்.